மச்சம் எங்கே போச்சு?

இரவு 9 மணிக்கு மேல் போன் வந்தது. நான்கு வருடத்துக்கு முன் நான் கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்த ஒரு குடும்பத்தின் மூத்த மகள் பேசினார்.

“தங்கச்சி, அம்மா தவறிட்டாங்கம்மா. நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் இல்ல. கடைசிப் பொண்ணு கல்யாணத்துல நீ எடுத்தியே, அதுல ஒண்ணைப் பெருசாப் போட்டுக் குடுக்க முடியுமா?”

ஹார்ட் டிஸ்கில் தேடினேன். கிடைத்தது. மண்டபத்தில் மணமக்களோடு குடும்பமாக நின்று எடுத்த படம். அரக்குப் பட்டுச்சேலையில் அந்த அம்மா சிரித்தபடி நிற்கிறார். அவர் முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, பின்னணியை மங்கலாக்கி, 12க்கு 18 அங்குலத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஏதோ புண்ணியம் செய்த நினைப்பு எனக்கு.

வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். படத்தை மேசையில் சாய்த்து வைத்ததும் பெண்கள் சத்தமாக அழுதார்கள். “மகாலட்சுமி மாதிரி இருக்காங்க பாரு” என்றார் ஒருவர். அப்போது ஆறு வயதிருக்கும் ஒரு பேத்தி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“ம்மா, பாட்டியோட மச்சம் எங்க போச்சு?”

அந்த அம்மாவுக்குக் கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம் இருந்திருக்கிறது. பேத்தி மடியில் உட்கார்ந்து அதை விரலால் அமுக்கினால், பாட்டி காலிங் பெல் மாதிரி ‘டிங் டாங்’ என்பாராம். இரண்டு பேருக்கும் அது தினசரி விளையாட்டு. அந்த மச்சத்தை நான் அழித்திருக்கிறேன். எப்போது அழித்தேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு நானூறு, ஐந்நூறு படங்கள் திருத்துகிறோம். அதில் ஒரு மச்சத்துக்கு ஒரு கிளிக். யாரும் என்னிடம் அழிக்கச் சொல்லவில்லை.

மூத்த மகள் என்னைத் திட்டவில்லை. “16ஆம் நாளுக்குள்ள அந்த மச்சத்தை மட்டும் திருப்பி வச்சுக் குடும்மா” என்றார். அங்கேதான் சிக்கல். திருத்தாத மூலப் படங்களை ஒரு வருடத்துக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை. வட்டில் இடம் போதாது. எல்லாம் அழிந்து போயிருந்தது. வீட்டார் தங்கள் கைப்பேசிகளில் தேடினார்கள். பெரும்பாலான படங்களில் அழகு ஃபில்டர் அந்த மச்சத்தைத் தானாகவே மெழுகிவிட்டிருந்தது. ஒரே ஒரு செல்ஃபியில் மச்சம் தெரிந்தது, இடது கன்னத்தில். “இல்ல, வலது பக்கம்” என்றார் ஒரு மகன். சில கைப்பேசிகளில் முன்பக்கக் கேமரா எடுக்கும் படம், கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியே பதிவாகும். கடைசியில் ஐசி படத்தைப் பார்த்தோம். சின்னப் படம், மங்கலாக ஒரு புள்ளி. வலது கன்னம்தான். பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே குழந்தை சரியான பக்கத்தைத்தான் கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சத்தை நான் வரைந்தேன். பல முறை அழித்து அழித்து வரைந்தேன். 16ஆம் நாள் புதுப் படத்தைக் கொண்டுபோய் வைத்தேன். பேத்தி பார்த்தாள். “மச்சம் மாதிரி இருக்கு” என்றாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் செய்த தவறு சரியாக எது? படத்தைத் திருத்தியதா? கேட்காமல் திருத்தியதா? அல்லது ஒரு பெண்ணின் முகத்தில் எது குறை என்று நானே தீர்ப்பு சொன்னதா?

பென்சில் காலம்

படம் திருத்துவது ஏதோ நம் தலைமுறை கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நெகட்டிவில் கை வைத்துத் திருத்தும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. திருத்திய படம், திருத்தாத படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1855ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டியபோது மக்கள் வாய் பிளந்து நின்றார்கள் என்று புகைப்பட வரலாற்றில் சொல்வார்கள்.

நான் தொழில் கற்றுக்கொண்டது ஒரு பழைய ஸ்டூடியோவில். அதன் முதலாளி, கறுப்பு வெள்ளைக் காலத்து ஆள். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, அதன் மேல் லேசாக ஒரு மெருகு தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவாராம். முகத்தில் இருக்கும் கறுப்புக் கோடு நெகட்டிவில் வெளிறிய கோடாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் கோடு மறைந்துவிடும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும் என்பார்.

அவர் எனக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தார். “ஒரு வாரத்துல தானா போறதை எடுத்துடு. சாகற வரைக்கும் கூட வர்றதை விட்டுடு.” பரு, கொசுக்கடி, தூக்கம் கெட்ட கண்ணின் வீக்கம் எல்லாம் போகலாம். மச்சம், தழும்பு, சிரிப்புக் கோடு எல்லாம் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அவரையும் நான் தெய்வமாக்க மாட்டேன். அதே மனிதர்தான் மணப்பெண்களின் கன்னத்துக்கு ரோஸ் சாயம் தீட்டி, கறுத்த கையை வெளுப்பாக்கிக் கொடுத்தவர்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குச் சாதகமாக இருந்தது. ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும்போது எதை அழிக்கிறோம் என்று யோசிக்க நேரம் இருந்தது. 1990ல் போட்டோஷாப் வந்தது. 2002ல் வந்த அதன் ஏழாம் பதிப்பில் ஹீலிங் பிரஷ் என்ற கருவி சேர்ந்தது. ஹீலிங் என்றால் குணப்படுத்துதல். பெயரைப் பாருங்கள். அதைக் கையில் எடுத்ததுமே மச்சம் ஒரு நோய், நாம் டாக்டர். இப்போது அந்தக் கருவிகூட வேண்டாம். கைப்பேசி, படம் எடுக்கும்போதே முகத்தை மெழுகிக் கொடுத்துவிடுகிறது. யோசிக்க ஒரு வினாடிகூட இல்லை.

பொய்தானே, அதிலென்ன?

“படத்தைத் திருத்துவது பொய்” என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம். அது சுலபம். ஆனால் சரியில்லை.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் முதலில் வைக்கும் அளவுகோல் ‘நடந்ததை நடந்தபடி சொன்னாயா’ என்பதல்ல. ‘உன் சொல்லால் யாருக்காவது தீங்கு வந்ததா’ என்பதுதான். அடுத்த குறளில் இன்னும் ஒரு படி போகிறார். குற்றமில்லாத நன்மை கிடைக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். அப்படியானால் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்த பருவை நான் அழித்தால், அந்தப் பெண் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் சந்தோஷப்பட்டால், அது வாய்மையின் பக்கம்தானே? ஆமாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் வள்ளுவர் சும்மா ‘நன்மை’ என்று விட்டுவிடவில்லை. குற்றமில்லாத நன்மை என்று நிபந்தனை போட்டார். எங்கள் தொழிலில் அந்த நிபந்தனை எங்கே உடைகிறது என்று எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு அம்மா தன் மகளோடு வந்தார். மாப்பிள்ளை பார்ப்பதற்குப் படம் வேண்டும். “கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா” என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. ஏற்றிக் கொடுத்தேன். படம் வாட்ஸ்அப்பில் போனது. மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்தார்கள். வந்த ஒரு பெண்மணி, அந்தப் பெண்ணின் முன்னாலேயே, “போட்டோல வேற மாதிரி இருந்துச்சே” என்றாராம். நன்மை என்று நினைத்து நான் செய்த வேலைக்கு, தன் வீட்டுக் கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்தவள் அந்தப் பெண். நான் வாங்கியது 80 ரிங்கிட்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் என் நிறமும் கறுப்புதான். எனக்குப் பன்னிரண்டு வயதில் தீபாவளிக்குப் புதுத்துணி போட்டு ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்தார்கள். படம் வந்தபோது நான் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தேன். அம்மா அதைக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “சின்னப் பிள்ளையில நல்லா கலரா இருந்திருக்கா, அப்புறம் வெயில்ல சுத்திக் கறுத்துட்டா போல” என்பார்கள். நான் ஒருநாளும் அந்த நிறத்தில் இருந்ததில்லை. இல்லாத ஒரு பிள்ளையோடு என்னை ஒப்பிட்டு, அவளைக் கெடுத்தது நான்தான் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் பிறகு கணினி முன் உட்கார்ந்து மற்றப் பெண்களை வெளுப்பாக்கினாள்.

வெளிச்சம் வேறு, வெள்ளை வேறு

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். “அப்படியானால் கறுப்பான முகத்தைப் பிரகாசமாகக் காட்டுவதே தப்பா?” என்று கேட்கலாம். இல்லை.

கேமரா நடுநிலையான கருவி இல்லை. அதன் ஒளிமானி, எதிரே இருப்பதைச் சராசரியான சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, பளீரென்ற மேடை விளக்கு, அதன் நடுவில் நம் முகம். வெள்ளையைப் பார்த்த கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். நம் முகம் இருளில் மூழ்கிவிடும், கண் மட்டும் தெரியும். ஃபிலிம் காலத்தில் இன்னும் மோசம். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் படச்சாலைகளுக்கு அனுப்பிய வண்ண அளவுகோல் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக அச்சானால் இயந்திரம் சரி. கறுத்த தோல் எப்படி அச்சாகிறது என்று பல காலம் யாரும் கவலைப்படவில்லை.

ஆகவே இருண்டு போன முகத்துக்கு வெளிச்சம் ஏற்றுவது பொய் இல்லை. அது கேமரா செய்த அநியாயத்தைச் சரி செய்வது. நல்ல வெளிச்சத்தில் கறுத்த தோலில் எத்தனை நிறம் தெரியும் தெரியுமா? கன்ன எலும்பில் செம்பு, கழுத்தில் கருஞ்சிவப்பு, நெற்றியில் எண்ணெய் போட்ட தேக்கின் மினுமினுப்பு.

வெள்ளையாக்குவது வேறு வேலை. கணினியில் ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை மட்டும் தனியாக உயர்த்தினால் போதும், பழுப்புத் தோல் வெளுத்துவிடும். ஆனால் அதே ஆரஞ்சுதான் மருதாணியிலும் இருக்கிறது, தங்கத்திலும் இருக்கிறது. தோலை வெளுத்தால் கையில் மருதாணியும் வெளுக்கும், தாலியும் சோகை பிடித்த மாதிரி ஆகும். அதனால் மருதாணியையும் நகையையும் முதலில் மூடி வைத்துப் பாதுகாத்துவிட்டு, பெண்ணை மட்டும் வெளுப்போம். இதை எத்தனை இரவு செய்திருப்பேன்! நகையின் நிறம் மாறக்கூடாது என்பதில் எனக்கு இருந்த அக்கறையை அந்தப் பெண்ணின் மேல் காட்டவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மாப்பிள்ளையை வெளுப்பாக்கச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. அவர் முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கும், கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருக்கும், தொப்பையும் இருக்கும். “ஆம்பளைக்கு என்னா லா, அப்படியே விடு” என்பார்கள். பெண்ணின் இடுப்பு ஒரு அங்குலம் குறைய வேண்டும், மூக்கு கூராக வேண்டும், தாடை மெலிய வேண்டும். ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் வந்தபடியே போதும், இன்னொருவர் எப்படி வந்தாலும் போதாது.

“என் முகம், என் இஷ்டம்”

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். அந்த மச்சம் நடந்த பிறகு நான் சில விதிகள் வைத்துக்கொண்டேன். கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. அம்மாவையோ மாமியாரையோ கேட்பதில்லை, முகத்துக்குச் சொந்தக்காரியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறேன். திருத்தாத படத்தை முதலில் காட்டுகிறேன். பருவோ தழும்போ அவள் சொன்னால் எடுக்கிறேன், சொல்லாவிட்டால் இல்லை. தனியாகக் கேட்கும்போது, “இந்தத் தழும்பு இருக்கட்டும்க்கா, சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது” என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. ஆனால் தோலின் நிறத்தை மட்டும் மாற்றித் தர மாட்டேன்.

ஒரு மணப்பெண் கேட்டாள். நன்றாகப் படித்த பெண். “அக்கா, பருவை எடுக்கச் சொன்னா எடுக்கிறீங்க. கலரை ஏத்தச் சொன்னா மாட்டேங்கிறீங்க. இதுவும் என் முகம்தானே? என் முகம், என் இஷ்டம். எனக்கு எது வேணும்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?”

நியாயமான கேள்வி. கேட்காமல் மச்சத்தை அழித்ததும் நான்தான், கேட்டும் நிறத்தை மாற்ற மறுப்பதும் நான்தான். இரண்டிலும் தீர்ப்பு சொல்வது நானாக இருந்தால், நான் எதைத் திருந்தினேன்?

அவளுக்கு நான் சொன்ன பதில் இது. “பரு உன்னோடது தங்கச்சி. நீ வேண்டாம்னா எடுத்துடலாம். நிறம் உன்னோடது மட்டும் இல்ல. உங்க அம்மா நிறம் அது, உன் தம்பி நிறம் அது. ஆல்பத்துல நீ மட்டும் வெளுத்து நின்னா, பக்கத்துல நிக்கிற உன் அக்கா மக எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தப் படம் என்ன சொல்லும்? ‘கல்யாணம்னா நம்ம நிறம் போயிடணும்’னு சொல்லும். அதை நான் சொல்லிக் குடுக்க மாட்டேன்.”

என் பதில் நன்றாகத்தான் இருந்தது. அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். “நீங்க ஈசியா சொல்லிட்டீங்கக்கா. நாளைக்கு அந்தப் படத்தைப் பார்த்து ‘பொண்ணு கறுப்பா இருக்கே’ன்னு பேச்சு வந்தா, அது எனக்குத்தான் வரும், உங்களுக்கு வராது.”

அவள் வேறு போட்டோகிராஃபரிடம் போய்விட்டாள். எனக்கு அந்த வேலை போனது. அதைவிட, அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. என் கொள்கைக்கு விலை கொடுக்க வேண்டியவள் அவள். நான் மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் மறுப்பது மட்டும் போதாது. பேசுகிற வாய் அப்படியே இருக்கும்போது படத்தைத் திருத்தாமல் விடுவது, குடையைப் பிடுங்கிக்கொண்டு மழையில் நிறுத்துவது போல.

அந்த வாய் யாருடையது? மாப்பிள்ளையின் நண்பர்கள், பெண் பார்க்கப் போகும் அத்தைகள், கோயில் விழாவில் “இந்தப் பிள்ளைக்கு மஞ்சள் கலர் எடுக்காதே” என்று சொல்லும் அக்காமார்கள். இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நாமும்தான். நவராத்திரி நாடகத்தில் சரஸ்வதி வேஷத்துக்கு யாரைத் தேர்ந்தெடுத்தோம், அசுரன் வேஷத்துக்கு யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

பிரான்சில் 2017 முதல் மாடல்களின் உடல்வாகைக் கணினியில் மாற்றிய விளம்பரங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட வேண்டும். நார்வேயும் 2021ல் அது போன்ற ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். 1975ல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி கிரீம், 2020ல் குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதுவும் நடந்தது. ஆனால் கல்யாண ஆல்பத்துக்கு எந்தச் சட்டமும் முத்திரை போடாது. படத்தில் கிடைத்த நிறத்தை நேரிலும் வரவழைக்க நினைக்கும் பெண் அடுத்துப் போய் நிற்பது இன்டர்நெட்டில் விற்கும் பெயர் தெரியாத கிரீமிடம். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கிரீம்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும்.

அம்மையாரின் உருவம்

“நம் கலையே அழகுபடுத்துவதுதானே? சிற்பி அம்பாளை அப்படியா செதுக்கினான்?” என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மை. தெய்வ உருவங்களுக்கு அளவு இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது. ஆனால் அதே சிற்பி இன்னொரு உருவத்தையும் செய்திருக்கிறான்.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது 63 நாயன்மார்கள் வரிசையில் பாருங்கள். நிற்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார் காரைக்கால் அம்மையார். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளில் அவரைப் பார்த்தால் விலா எலும்பு தெரியும், மார்பு வற்றியிருக்கும், கையில் தாளம், முகத்தில் வாய் நிறையச் சிரிப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் காலடியில் அவரை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எந்தச் சிற்பிக்கும் அந்த விலா எலும்பை மெழுகத் தோன்றவில்லை. மெழுகியிருந்தால் அது அம்மையார் இல்லை.

அவர் கதை நமக்கெல்லாம் தெரியும். புனிதவதியாக இருந்தபோது அழகி. கணவன் பரமதத்தன் அவரை விட்டுப் பிரிந்து வேறு மணம் செய்து, பிறகு தெய்வமென்று காலில் விழுந்தபோது, ‘இவருக்காகச் சுமந்த இந்த அழகு இனி வேண்டாம்’ என்று இறைவனிடம் கேட்டு அதை உதறினார். பேயுருவோடு கைலாயத்துக்குத் தலையால் நடந்து போனவரைச் சிவபெருமான் ‘அம்மையே’ என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம்.

இந்தக் கதையைச் சொல்லி, ‘பெண்களே, அழகு வேண்டாம், பவுடர் போடாதீர்கள்’ என்று உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. நான் அதைச் சொல்ல வரவில்லை. எனக்கு மை பிடிக்கும், மல்லிகைப்பூ பிடிக்கும், நல்ல சேலை பிடிக்கும். அம்மையாரின் கதையில் என் கண்ணில் படுவது வேறு. அந்த உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று கணவன் தீர்மானிக்கவில்லை, உறவினர் தீர்மானிக்கவில்லை, பார்க்கிறவர்கள் தீர்மானிக்கவில்லை. அவரே கேட்டார், அவருக்குக் கிடைத்தது. பார்த்தவர்கள் பயந்து ஒதுங்கியபோதும் அவர் கவலைப்படவில்லை. நம் பெண் பிள்ளைகளுக்கு இன்று இல்லாதது அந்தச் சுதந்திரம்தான். அலங்காரம் செய்துகொள்ளவும், செய்துகொள்ளாமல் இருக்கவும், இரண்டுக்கும் யாரிடமும் பதில் சொல்லாமல் இருக்கவும்.

நாம் கும்பிடும் கண்ணனின் பெயருக்கே கறுப்பு என்றுதான் பொருள். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று இன்னொரு பெயர். கருவறையில் மூலவர் கருங்கல். அங்கே கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு பிள்ளையைப் பார்த்து ‘கலர் கம்மி’ என்றால், நாம் உள்ளே எதைத்தான் பார்த்தோம்?

இனி

நான் செய்த தவறு எது என்று கேட்டுக்கொண்டேன் இல்லையா? இன்று எனக்குக் கிடைத்திருக்கும் பதில் இது. திருத்தியது தவறில்லை. அந்த அம்மாவின் முகத்தில் நான் பார்த்தது அவரை இல்லை. என் மனதில் யாரோ ஏற்றி வைத்த ஒரு முகத்தை. அதிலிருந்து அவர் எங்கெல்லாம் விலகினாரோ அதையெல்லாம் குறை என்று அழித்தேன். அவரை நேசித்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டதே அந்த இடங்களில்தான்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்கள் நண்பனுக்குப் பெண் பார்த்த படம் வாட்ஸ்அப்பில் வரும்போது, நிறத்தைப் பற்றி முதல் கமென்ட் அடிக்கிறவனை “போதும்டா” என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்கள். ஒருவன் சொன்னால் போதும், அடுத்தவன் யோசிப்பான். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. போட்டோகிராஃபரிடம் திருத்தாத படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் முகம், உங்கள் உரிமை.

எல்லோருக்கும் ஒன்று. இந்த வாரம் உங்கள் அம்மாவை ஒரு படம் எடுங்கள். கைப்பேசியில் அழகு ஃபில்டரை முதலில் நிறுத்திவிடுங்கள். சமையலறை ஜன்னல் பக்கம் நிற்க வையுங்கள், காலை வெளிச்சம் நன்றாக இருக்கும். “ஐயோ, தலை கூட வாரல, இரு பவுடர் போட்டுட்டு வர்றேன்” என்பார். போட்டுக்கொண்டு வரட்டும், அது அவர் இஷ்டம். பிறகு மச்சமும், நரையும், கண்ணோரக் கோடுகளும் தெரியும்படி எடுங்கள். எடுத்ததை அப்படியே பத்திரமாக வையுங்கள். அவருக்கும் காட்டுங்கள்.

மறுபடியும் ஒரு வீட்டில், ஒரு குழந்தையின் கேள்விக்காக, நான் மச்சம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்க விரும்பவில்லை.